தலையாட்ட ஒருவர் தேவை

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பூட்டைக் கண்டுபிடித்தது. சாவி தொலைந்தால் பூட்டை உடைக்கச் சுத்தியலையும் கண்டுபிடித்தது. ஆனால் நட்பு என்கிற ஒன்றை மட்டும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிவம் இல்லாமல், தேதி இல்லாமல், கையெழுத்து இல்லாமல், வாய்க்கு வந்தபடி நடத்திக்கொண்டிருந்தது. அந்த அவமானத்தைத் துடைத்தெறிந்த பெருமை ஒரு கல்லூரியின் இரண்டாம் மாடியில், படிக்கட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருக்கும் ஓர் அறையையே சேரும்.

அறையின் வாசலில் ‘வெளிநாட்டு மாணவர் நட்புப் பிரிவு’ என்று பலகை தொங்கியது. அதன் கீழே, ‘மதிய இடைவேளையில் நட்பு கிடையாது’ என்று சிறிய பலகை.

இந்தப் பிரிவு பிறந்த கதை உருக்கமானது. முந்தைய ஆண்டு ஒரு வெளிநாட்டு மாணவர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மூன்று பெட்டிகளோடு ஊருக்குத் திரும்பிப் போனார். போகும்போது நிரப்பிய படிவத்தில், ‘காரணம்’ என்ற இடத்தில், ‘இங்கே எனக்கு ஒரு நண்பர்கூடக் கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். நிர்வாகம் பதறிப்போனது. ஐந்து கூட்டங்கள் போட்டது. ஐந்தாவது கூட்டத்தில் குறை எங்கே என்று தெரிந்துவிட்டது: கல்லூரியில் நண்பருக்கென்று ஒரு பதவியே இல்லை.

பதவி உருவானதும் அதற்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லாருடைய கையும் தபால் எழுத்தரை நோக்கியே நீண்டது. இருபத்திரண்டு ஆண்டுகளாக வரும் கடிதம், போகும் கடிதம் எல்லாவற்றுக்கும் எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, கோந்து தடவி ஒட்டிவந்த மனிதர் அவர். இதுவரை ஒரு கடிதத்தைக்கூடத் தொலைத்ததில்லை. ஒரு தவறான தகவலை யாருக்கும் தந்ததில்லை.

“ஒரு கடிதத்தையே தொலைக்காத ஆளு, ஒரு மாணவரையா தொலைச்சிடப் போறாரு” என்றார் பிரிவின் இயக்குநர் அம்மாள். அதே கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறியது.

தபால் எழுத்தர் அன்றே ஒரு புதிய பதிவேட்டைப் பிரித்து, முதல் பக்கத்தில் சிவப்பு மையால் ‘நட்பு – தொகுதி 1’ என்று எழுதினார். எழுதும்போது அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிறைந்துதான் போனது. பள்ளிக்கூடத்தில் அவருக்கு நண்பர்கள் இருந்ததுண்டு. ஆனால் அவர்களைப் பற்றிய எந்தப் பதிவும் அவரிடம் இல்லை.

ஒதுக்கப்பட்ட மாணவர் மறுநாள் வந்தார். இருபத்தாறு வயது. உயரம் அதிகம், அறைக்குள் நுழைய இரண்டு இடங்களில் குனிந்தார். நடைபாதைச் சாக்கடை மூடிகளின் மேல் எத்தனை பேர் நின்றால் மூடி உடையும் என்பது அவருடைய ஆராய்ச்சி. அதை முடிக்க இங்கே ஓராண்டு தங்க வந்திருந்தார். நம் மொழியைத் தன் ஊரிலேயே யாரிடமோ கற்றுக்கொண்டு வந்திருந்ததால் நிறுத்தி நிறுத்தி, ஆனால் தெளிவாகப் பேசினார்.

“சார், நீங்கதான் என் ஃப்ரெண்டா?”

“ஆமா. உத்தரவு இருக்கு. பாருங்க” என்று காட்டினார் எழுத்தர்.

மாணவர் உத்தரவை வாங்கிப் படித்துவிட்டு மகிழ்ச்சியோடு கையை நீட்டினார். எழுத்தர் அந்தக் கையில் ஒப்புகைச் சீட்டை வைத்தார்.

“உங்களுக்கு ஏதாவது வேணும்னா எழுதிக் குடுங்க. நான் மேல அனுப்பி, உத்தரவு வாங்கி, உங்களுக்குப் பதில் போடுவேன்.”

“எதிர்லதானே உட்கார்ந்திருக்கீங்க. சொல்லிடலாமே.”

“சொல்லலாம். ஆனா நீங்க சொன்னதுக்கு என்ன அத்தாட்சி?”

மாணவர் யோசித்தார். பிறகு ஒரு தாள் கேட்டு வாங்கி, அந்த மேசையிலேயே உட்கார்ந்து எழுதினார். அவருடைய கோரிக்கை மிகச் சிறியது. வந்த முதல் வாரத்திலேயே அவர் இன்னொரு மாணவியின் வாய்மொழித் தேர்வைப் பார்க்கப் போயிருந்தார். அங்கே முதல் வரிசை நாற்காலிகள் தேர்வுக்கு நிற்பவரின் சொந்தக்காரர்களுக்கு. நிபுணர் ஒருவர் கேட்ட கேள்விக்கு அந்தப் பெண்ணுக்குப் பதில் வரவில்லை. முதல் வரிசையைப் பார்த்தாள். அவளுடைய அப்பா, ஒன்றும் புரியாமலே, ‘ம், சொல்லு’ என்பதுபோலத் தலையாட்டினார். பதில் வந்துவிட்டது. இதையெல்லாம் எழுதிவிட்டு அவர் கேட்டிருந்தார்: ‘என் தேர்வு பதினோரு மாதம் கழித்து, பதினாலாம் தேதி, காலை பதினோரு மணிக்கு. எனக்கு இங்கே யாரும் இல்லை. அன்றைக்கு நீங்கள் முதல் நாற்காலியில் வந்து உட்கார்ந்து தலையாட்டுவீர்களா?’

எழுத்தர் அதைப் படித்தார். உடனே ‘வர்றேன் தம்பி’ என்று சொல்லிவிட வாய் துடித்தது. ஆனால் துடிக்கிற வாயை எல்லாம் திறந்துவிட்டால் அலுவலகம் எப்படி நடக்கும். கடிதத்துக்கு ‘நட்பு/1’ என்று எண் போட்டு, புயலிடம் கொடுத்தார்.

புயல் என்பது அலுவலக உதவியாளரின் பட்டப்பெயர். எழுத்தர் மேசையிலிருந்து இயக்குநர் அறைக்குப் பதினெட்டு அடி. அந்தத் தூரத்தைக் கடக்கப் புயலுக்கு அரை நாள் பிடிக்கும்.

*

கோப்பு கிளம்பியது. மூன்றாம் வாரம் இயக்குநர் அம்மாளின் முதல் வினாவோடு திரும்பியது: ‘நண்பர் தமது நாற்காலியிலிருந்து எழுந்து வேறொரு நாற்காலியில் உட்காருவது இடமாற்றமா, மாற்றுப்பணியா? தெளிவுபடுத்தவும்.’

எழுத்தர் தெளிவுபடுத்தினார். கோப்பு சட்ட ஆலோசகரிடம் போனது. அவர் இன்னும் ஆழமாகப் போனார்: ‘தலையாட்டுதல் என்பது மேலும் கீழுமா, பக்கவாட்டிலா? மேலும் கீழும் எனில், மாணவர் தவறான பதில் சொல்லும்போது நண்பர் தலையாட்டினால் அது நிர்வாகத்தின் கருத்தாகக் கொள்ளப்படுமா?’

இது லேசில் தீர்கிற பிரச்சினை இல்லை. இரண்டு கூட்டங்கள் நடந்தன. இரண்டாவது கூட்டத்தில் ஒரு பேராசிரியர் பொதுவாகத் தலையாட்டிக் காட்டினார். அது மேலும் கீழுமா பக்கவாட்டிலா என்பதில் கருத்து வேறுபாடு ஏற்பட்டு, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

இதற்கிடையே மாணவர் வேறு கடிதங்களும் எழுதினார். இரண்டாம் மாதத்தில், ‘மூன்று நாளாக யாரும் என்னிடம் பேசவில்லை. இன்று மாலை டீ குடிக்கலாமா?’ என்று ஒன்று. ஒன்பதாம் நாள் அதற்குப் பதில் போனது. ‘தங்களிடம் யாரும் பேசவில்லை என்ற விவரம் பதிவு செய்துகொள்ளப்பட்டது. இன்று மாலை என்பது கடந்துவிட்டபடியால் மேல் நடவடிக்கை அவசியமில்லை எனக் கருதப்பட்டு கோப்பு முடிக்கப்படுகிறது.’ எழுத்தருக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துப்போயிற்று. வீட்டில் மனைவியிடம் படித்துக்காட்டினார்.

மனைவி தையல் மிஷினிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்.

“அந்தப் பிள்ளை எங்க தங்கியிருக்கு?”

“நம்ம தெருவுக்கு அடுத்த தெரு.”

“அடுத்த தெருவுல இருக்கிறவனுக்கு ஒம்பது நாள் கழிச்சு கடுதாசி. நல்லா இருக்குங்க உங்க நட்பு. நீங்க என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ இப்படிக் கோப்பு போட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.”

அலுவலக நேரத்துக்கு வெளியே பெறப்படும் ஆலோசனைகளுக்கு எழுத்தர் பதிலளிப்பதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாணவரே வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கடிதம்.

“இன்னிக்கு லீவு. வாங்க மாட்டேன்” என்றார் எழுத்தர்.

“சரி சார். நாளைக்கு ஆபீஸ்ல குடுக்கறேன்” என்று திரும்பிய மாணவரை உள்ளேயிருந்து ஒரு குரல் பிடித்து நிறுத்தியது.

“தம்பி, கடுதாசியை அங்கயே வெச்சிட்டு நீ மட்டும் உள்ள வா. தலையைப் பாத்து, நிலை தாழ்வு.”

மாணவர் குனிந்து உள்ளே போனார். உட்கார்ந்தார். டீ வந்தது. ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு டீ வந்தது. அம்மா, அப்பா, மூன்று தங்கைகள், ஊரில் தான் வளர்த்த கிழட்டு நாய் எல்லாரையும் பற்றிச் சொல்லி முடித்துவிட்டு அவர் கேட்டார்.

“உங்களை எப்படிக் கூப்பிடணும்?”

“அக்கான்னு கூப்பிடு.”

“அப்ப சாரை?”

“ஆபீஸ்ல சாரு. இங்க மாமா.”

பக்கத்து அறையில் வாராந்திர நட்பு அறிக்கை எழுதிக்கொண்டிருந்த எழுத்தரின் பேனா நின்றது. ஒரே நபர் ஒரே நேரத்தில் நண்பர், மாமா என்று இரண்டு பதவிகளை வகிக்க விதியில் இடமில்லை. அறிக்கையின் நாலாவது கேள்வி, ‘இந்த வாரம் மாணவருடன் சந்திப்பு நிகழ்ந்ததா?’ சுவருக்கு அந்தப் பக்கம் மாணவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. எழுத்தர், ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். அதில் பொய் ஒன்றும் இல்லை. அனுமதிக்கப்பட்ட சந்திப்பு எதுவும் நிகழவில்லை.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் மாணவர் வந்தார். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் எழுத்தர் ‘இல்லை’ என்று எழுதினார்.

*

ஐந்தாம் மாதம் முன்னோட்டத் தேர்வு நடந்தது. மாணவர் மேடையேறினார். முதல் கேள்வி சுலபம்தான். ஆனால் எதிரே முதல் வரிசையில் ஆறு நாற்காலிகளும் ஆளில்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டாண்டுகளாக இரவு பகலாகக் கட்டிக்கொண்டு அழுத சாக்கடை மூடி, வட்டமா சதுரமா என்பதே மறந்துபோயிற்று.

“இது ஒத்திகைதான். நிஜத் தேர்வுலயும் இப்படி நின்னா பட்டம் கிடையாது. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்” என்று அவருடைய பேராசிரியர் சொல்லிவிட்டார்.

மறுநாள் எழுத்தரின் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. அதைப் பிரித்த எழுத்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘பொருள்: முதல் நாற்காலியில் உட்காருதல் – தொடர்பாக. பார்வை: எனது கடிதம் நட்பு/1. மேற்படி பொருள் குறித்து ஐந்து மாதங்களாகப் பதில் ஏதும் கிடைக்கப்பெறவில்லை என்பது தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. நினைவூட்டல்: 1.’

‘பேச ஆள் இல்லை’ என்று குழந்தைபோல எழுதிக்கொண்டிருந்த கையா இது. எழுத்தர் கடிதத்தை எடுத்துக்கொண்டு தானே, புயலை நம்பாமல், பதினெட்டு அடியையும் நடந்துபோய் இயக்குநர் அம்மாளிடம் காட்டினார். அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“பையன் தேறிட்டு வர்றான்யா. நம்ம பிரிவு குடுக்கற ‘பழகிவிட்டார்’ சான்றிதழுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.”

“அவர் கேட்ட விஷயம், மேடம்…”

“என்ன கேட்டிருக்கான்?”

“பதினாலாம் தேதி நான் போய் உட்காரணும்னு.”

“ஃபைல் எங்க இருக்கு?”

“சட்ட ஆலோசகர் கிட்ட.”

“வரட்டும். அவசரப்பட்டா நட்பு கெட்டுடும்.”

எழுத்தர் அவசரப்படவில்லை. ஆனால் அன்று முதல் அவர் ஒரு காரியம் செய்தார் என்பதைச் சொல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். யாரும் இல்லாத நேரத்தில், கோந்து டப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து, தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

தேர்வு மாதம் பன்னிரண்டாம் தேதி மாலை நாலரை மணிக்கு அனுமதி வந்துவிட்டது. ‘மிதமாகத் தலையாட்டலாம். கைதட்டல் தனியாக விண்ணப்பிக்கப்பட வேண்டும்.’ எழுத்தருக்கு இருப்புக்கொள்ளவில்லை. உத்தரவை மாணவரிடம் தானே கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தார். அதற்குள் புயல் வந்து அவர் மேசையில் இன்னொரு சுற்றறிக்கையை வைத்தார்.

‘நட்புப் பிரிவின் முதலாம் ஆண்டு நிறைவு விழா. பதினாலாம் தேதி, காலை பதினோரு மணி, மாடிப் பெரிய அரங்கு. ஆண்டின் சிறந்த நண்பர் விருது: தபால் எழுத்தர் அவர்கள்.’

எழுத்தர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தேதி ஒன்று. மணி ஒன்று. இடம் மட்டும் ஒன்று மேலே, ஒன்று கீழே.

மறுநாள் இயக்குநர் அம்மாள் முன்னால் போய் நின்றார்.

“மேடம், அதே நேரத்துல கீழ அந்தப் பையனோட தேர்வு…”

“விருது எதுக்குக் குடுக்கறோம்?”

“நட்புக்கு, மேடம்.”

“அப்ப விருது வாங்க வராம நீங்க கீழ போய் உட்கார்ந்தீங்கன்னா, அது நட்பையே அவமானப்படுத்தற மாதிரி இல்லையா?”

எழுத்தர் யோசித்தார். அப்படிப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

“அந்தப் பையனையும் மேடைக்கு வரச் சொல்லி ஒரு கடிதம் போடுங்க. ‘மகிழ்ச்சியடைந்த மாணவர்’னு எழுதி ஒரு நாற்காலி போட்டுடலாம். அவன் கையாலயே உங்களுக்குக் கேடயம்.”

“பதினோரு மணிக்கு அவன் அங்க நிக்கணுமே, மேடம்.”

“அது அவன் பிரச்சினை. நம்ம பிரிவு நட்புக்குத்தான், தேர்வுக்கு இல்ல.”

எழுத்தர் கடிதத்தை எழுதினார். நாலு முறை அடித்துத் திருத்தினார். அவர் கைப்பட எழுதியதில் அடித்தல் திருத்தல் உள்ள கடிதம் இருபத்திரண்டு ஆண்டுகளில் அது ஒன்றுதான்.

*

பதினாலாம் தேதி காலை வீட்டில் மனைவி தலைவாரி, வெளியூர் போகும்போது மட்டும் போடுகிற செருப்பை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

“எங்க கிளம்பிட்ட?” என்றார் எழுத்தர், சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே.

“ஒரு நாற்காலி வரைக்கும் போய்ட்டு வர்றேன்.”

“உனக்கு அந்தச் சாக்கடை மூடி பத்தி என்ன தெரியும்?”

“புரியாட்டாலும் தலையாட்டினா போதும்னு பிள்ளை சொன்னான். அது எனக்கு நல்லா வரும். கல்யாணம் ஆன நாள்லேருந்து அதைத்தானே செஞ்சிட்டிருக்கேன்.”

எழுத்தர் கேட்காததுபோலக் கண்ணாடியைப் பார்த்தார். கேட்டதாக வைத்துக்கொண்டால் அதைப் பதிவு செய்ய வேண்டிவரும். இருவரும் ஒரே பேருந்தில் போனார்கள். கல்லூரி வாசலில் இறங்கி, அவர் மாடிப்படி ஏறினார். மனைவி வராந்தாவில் நேரே நடந்தார். மூன்றாவது படியில் நின்று எழுத்தர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு மணி பார்த்தார். பிறகு மீதிப் படிகளையும் ஏறிவிட்டார்.

அரங்கு நிரம்பியிருந்தது. நட்பின் மேன்மை குறித்து மூன்று பேர் பேசினார்கள். ஓராண்டில் நட்புப் பிரிவு பெற்ற கடிதங்கள் நாற்பத்தொன்று, அனுப்பிய கடிதங்கள் நாற்பத்தொன்று, நிலுவை இல்லை என்று புள்ளிவிவரம் வாசிக்கப்பட்டபோது பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்; தூசியாகவும் இருக்கலாம். மேடை நடுவில் ‘மகிழ்ச்சியடைந்த மாணவர்’ என்று அட்டை ஒட்டிய நாற்காலி காலியாக இருந்தது. அழைத்துவரப் புயல் கீழே போயிருந்தார். போனவர் அதிசயமாக இருபதே நிமிடத்தில் திரும்பிவந்தார். கூட மாணவர் இல்லை. கையில், தேர்வுக்குள் போகும் முன் மாணவர் எழுதிவைத்துவிட்டுப் போன ஒரு கடிதம் இருந்தது.

இயக்குநர் அம்மாள் அதை வாங்கி, ஒலிபெருக்கியில் படித்தார்.

“பொருள்: மேடையில் வந்து உட்காருதல், தொடர்பாக. பார்வை: தங்கள் அழைப்பு, நேற்றைய தேதியிட்டது. மேற்படி அழைப்பு கிடைக்கப்பெற்றது. வந்து உட்காருவது குறித்த கோப்பு பரிசீலனையில் உள்ளது. முடிவு உரிய காலத்தில், உரிய வழியில் தெரிவிக்கப்படும். அதுவரை காலி நாற்காலியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

“ஒரு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பையனுக்கு ஒரு விஷயத்தைச் சுத்தி வளைக்கக்கூடத் தெரியாது. மனசுல பட்டதை அப்படியே சொல்லிட்டிருந்தான். இன்னிக்குப் பாருங்க. இது யாரால?” என்று கேட்டு, இயக்குநர் அம்மாள் எழுத்தரைக் கைகாட்டினார். மாணவரின் ‘பழகிவிட்டார்’ சான்றிதழில் மேடையிலேயே கையெழுத்திட்டார். கேடயத்தையும் அவரே எடுத்து எழுத்தர் கையில் கொடுத்தார். கனமான கேடயம். இரண்டு கைகள் கோத்துக்கொண்டிருப்பதுபோல அதில் செதுக்கியிருந்தது.

அப்போதுதான் அம்மாள் கடிதத்தின் அடியில் இருந்த இன்னொரு வரியைக் கவனித்தார்.

“நகல்: அக்காவுக்கு, முதல் வரிசை, முதல் நாற்காலி. யார்யா இந்த அக்கா?”

புயல் தலையைச் சொறிந்தார். “கீழ ஒரு அம்மா உட்கார்ந்திருக்காங்க மேடம். பையன் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே தலையாட்டறாங்க. கேள்வி கேக்கற ஐயா பேசினாலும் தலையாட்டறாங்க. அவனும் தடங்கலே இல்லாம சொல்லிட்டே போறான். பாஸுதான்னு பேசிக்கிறாங்க.”

“அனுமதி இல்லாம நட்பா? நம்ம பிரிவு இருக்கும்போதா?” அம்மாளின் முகம் சிவந்தது. எழுத்தர் பக்கம் திரும்பினார். “உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

புயலும் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் வீட்டுக்கு எத்தனையோ முறை தபால் கொண்டுபோனவர் அவர். அந்த வீட்டில் டீயும் குடித்தவர். அரங்கே எழுத்தரின் பதிலுக்காகக் காத்திருந்தது. கீழேயிருந்து, படிக்கட்டு வழியாக, யாரோ கைதட்டுகிற சத்தம் மெல்ல ஏறிவந்தது.

எழுத்தர் கேடயத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்.

“அப்படி யாரும் நம்ம பதிவேட்டுல இல்லீங்க, மேடம்.”

இருபத்திரண்டு ஆண்டுப் பணியில் அவர் ஒருமுறைகூடத் தவறான தகவல் தந்ததில்லை. அன்றும் தரவில்லை.